ரங்கூன் மல்லி வச்சிருக்கீங்களா? முதல் ரெண்டு வருஷம் பூவை விடுங்க, கொம்பைப் பாருங்க

கேட்டுக்கு மேல ஆர்ச் போட்டு ரங்கூன் மல்லி ஏத்தணும்னு ஆசைப்படுறவங்க இப்ப ரொம்ப ஜாஸ்தி. திருச்சியில எங்க ஏரியாவுலயே தெருவுக்கு ரெண்டு வீட்லயாவது இருக்கு. ஆனா பாத்தீங்கன்னா பாதி வீட்ல கீழ எட்டு அடிக்கு வெறும் குச்சி, அதுக்கு மேல மொட்டை மாடி கைப்பிடிச் சுவரைத் தாண்டி ஒரு பெரிய பச்சைக் குவியல், பூவெல்லாம் அந்தக் குவியலோட வெளிப்பக்கம், வீட்டுக்காரங்க கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது, ரோட்ல போறவங்களும் அண்ணாந்து பாத்தாத்தான் உண்டு. அதெல்லாம் சத்தில்லாத செடி கிடையாது. தண்ணி, உரம், வெயில் எல்லாம் கிடைச்சு நல்லா வளந்த செடிதான். சின்னதா இருக்கும்போது யாரும் அதை வெட்டல, வளைக்கல, கட்டல, அவ்வளவுதான் கதை.

எங்க வீட்டுக் கொடி இப்ப கேட் ஆர்ச், அதை ஒட்டி போர்ட்டிகோ ஓரம் முழுக்க, இடுப்பு உயரத்துல இருந்தே பூக்குது. பாக்குறவங்க "என்ன உரம் போடுறீங்க"ன்னு கேக்குறாங்க. உரத்துல ஒண்ணுமே இல்லைங்க, எல்லாம் கட்டர்லயும் கயித்துலயும்தான் இருக்குன்னு சொன்னா நம்ப மாட்டேங்குறாங்க, அதான் கொஞ்சம் விலாவாரியாவே எழுதிடலாம்னு உக்காந்தேன்.

முதல்ல செடி வாங்குறது. நர்சரியில ரெண்டு வகை இருக்கும், ஒத்தை அஞ்சு இதழ் ஒண்ணு, அடுக்கு ஒண்ணு. அடுக்கு பாக்க குண்டா கொத்தா அழகா இருக்கும். எனக்கு ஒத்தைதான் பிடிக்கும், காத்துல ஆடும்போது அது தனி அழகு, இது அவங்கவங்க இஷ்டம். கவனிக்க வேண்டியது வேற. நர்சரியில ஒரே ஒரு நீளக் கொம்பை மூங்கில் குச்சியில சுத்திச் சுத்திக் கட்டி அஞ்சு அடி உயரத்துல நுனியில ஒரு கொத்து பூவோட வச்சிருப்பாங்க, எல்லாரும் அதைத்தான் தூக்குவாங்க. நான் அதை விட்டுட்டு பக்கத்துல பூவே இல்லாம ரெண்டடி உயரத்துல அடியில இருந்து மூணு நாலு புதுக் கொம்பு கிளம்பி நின்ன ஒண்ணை எடுத்தேன். நர்சரி அண்ணன் "பூ இருக்கறத எடுத்துட்டுப் போங்கக்கா"ன்னு ரெண்டு தடவை சொன்னாரு. அந்த அஞ்சடிச் செடியை வாங்கினா வீட்டுக்கு வந்ததும் அதை முட்டி உயரத்துக்கு வெட்டணும், அதுக்கு மனசு வராது, வெட்டாம விட்டா கீழ மொட்டையாவே நின்னுடும். அடியில கொம்பு இருக்கற செடின்னா அந்தப் பிரச்சனையே இல்ல. கவரைத் தூக்கி அடியையும் பாருங்க, ஓட்டை வழியா தடியான வேர் வெளிய வந்து சுருண்டு கிடந்தா அது கவர்ல ரொம்ப நாளா கிடக்குதுன்னு அர்த்தம். வாங்கலாம், செத்துடாது, ஆனா நடும்போது அந்தச் சுத்து வேரைக் கையால பிரிச்சு விட்டுத்தான் நடணும்.

நடுற நேரம் ஆடிக் கடைசி, ஆவணி. நம்ம பக்கம் பெரிய மழை புரட்டாசி ஐப்பசியிலதான், அதுக்குள்ள வேர் பிடிச்சிருக்கணும். சித்திரை வைகாசியில நட்டு அக்னி நட்சத்திரத்துல காப்பாத்துறதெல்லாம் வீண் வேலை, தண்ணி ஊத்தியே ஓய்ஞ்சு போயிடுவோம்.

இடம் பாக்குறதுல மூணு விஷயம். வெயில் குறைஞ்சது அஞ்சாறு மணி நேரம் நேரா படணும், நிழல்ல வச்சா இலை பளபளன்னு இருக்கும், பூ வராது. அடுத்தது, சுவத்தை ஒட்டியே குழி எடுக்காதீங்க, ஒரு ஒன்றரை அடியாவது தள்ளி எடுங்க. சுவத்தோரம் சன்ஷேடுக்குக் கீழ மழையே விழாது, கட்டும்போது கொட்டின சிமெண்ட் கலவை, செங்கல் துண்டு எல்லாம் அங்கதான் புதைஞ்சு கிடக்கும். மூணாவதுதான் முக்கியம், மேல அண்ணாந்து பாருங்க. ஈபி ஒயர், கேபிள், ஏசி அவுட்டோர் யூனிட் எதுவும் பக்கத்துல இருக்கக் கூடாது. இது இருபது அடி சர்வ சாதாரணமா போற கொடி, மழைக் காலத்துல ஒரு மாசத்துல ஆள் உயரத்துக்கு ஒரு கொம்பு நீட்டும். கரண்ட் ஒயர்ல ஏறின கொடியை அறுக்க யாரும் ஏணி போட்டு நிக்க வேண்டாம், ஈபி ஆபீஸ்ல சொல்லி லைனை ஆஃப் பண்ணச் சொல்லிட்டுத்தான் தொடணும்.

மண்ணு. ஒன்றரை அடி நீளம் அகலம் ஆழம் எடுத்து, செம்மண்ணு, நல்லா மக்கின தொழு உரம், ரெண்டு கை வேப்பம்புண்ணாக்கு, போதும். திருச்சியில ஒரு தொல்லை என்னன்னா சில பக்கம் மண்ணு களர், அதாவது காரம் ஏறின மண்ணு, போர் தண்ணியும் உப்பு. நாவலூர் குட்டப்பட்டுல இருக்கற அன்பில் தர்மலிங்கம் வேளாண் கல்லூரியில களர் நிலத்துக்குன்னே ஆராய்ச்சி பண்றாங்க, டிஆர்ஒய்னு பேர் வர்ற நெல் ரகமெல்லாம் அங்க இருந்து வந்ததுதான், அந்த அளவுக்கு இந்தப் பக்கம் இது பழைய பிரச்சனை. வீட்டுத் தோட்டத்துல இது எப்படித் தெரியும்னா புது இலை மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையா நிக்கும். அது இரும்புச் சத்து செடிக்குக் கிடைக்காததால வர்றது, மண்ணுல இரும்பு இல்லைன்னு அர்த்தம் இல்ல, களர்ல இரும்பு இருந்தாலும் வேரால எடுக்க முடியாது. ஃபெரஸ் சல்ஃபேட் லிட்டருக்கு அஞ்சு கிராம் கலந்து சாயங்காலமா இலையில அடிச்சா ரெண்டு வாரத்துல பச்சை திரும்பும். இந்த மண்ணுல அடுப்புச் சாம்பலைக் கொண்டுபோய்க் கொட்டாதீங்க. சாம்பல் போட்டா பூ நிறைய வரும்னு எல்லாரும் சொல்லுவாங்க, அது புளிப்பு மண்ணுக்குச் சரி, ஏற்கனவே காரமா இருக்கற மண்ணுல இன்னும் காரத்தை ஏத்தி விட்டுடும்.

இப்ப வெட்டுறதுக்கு வர்றேன். செடியை நட்ட உடனே வெட்டக் கூடாது. வேர் பிடிச்சு நுனியில புது இலை ஒரு ஜோடி விரிஞ்சதும், அதுக்கப்புறம்தான் கட்டரை எடுக்கணும். அடியில எத்தனை கொம்பு இருந்தாலும் நல்ல தடிமனா ரெண்டு, இடம் பெருசா இருந்தா மூணு மட்டும் வச்சிட்டு மிச்சத்தை அடியோட எடுத்துடுங்க. வச்ச கொம்பையும் முட்டி உயரத்துல நறுக்குங்க. எங்க அத்தை அன்னிக்குப் பக்கத்துல நின்னு பாத்துட்டு "ஏம்மா, இருக்கறதே ரெண்டு குச்சி, அதையும் வெட்டிட்டா என்னத்த ஏறும்"னாங்க. ஆனா ரங்கூன் மல்லிக்கு இலை எதிரெதிரா ஜோடி ஜோடியா வரும், அதனால ஒரு ஜோடிக்கு மேல கால் இன்ச் விட்டு வெட்டுனா அந்த ரெண்டு கணுவுல இருந்தும் ரெண்டு கொம்பு கிளம்பும். ரெண்டு குச்சி நாலாகும். அந்த நாலும் ஒரு அடி வளந்ததும் நுனியை மட்டும் விரலால கிள்ளி விட்டா எட்டாகும். கீழ இருந்தே பூக்கணும்னா இந்தக் கணக்கு முதல் ஆறு மாசத்துல நடந்தாகணும், அப்புறம் தண்டு முத்திட்டா அடியில இருந்து கொம்பு வர வைக்கிறது கஷ்டம், வராதுன்னு இல்ல, வர்றதெல்லாம் வேர்ல இருந்து கண்ட இடத்துல வரும்.

முதல் வருஷம் இது கொடி மாதிரியே நடந்துக்காது, அதையும் சொல்லிடுறேன். புதராத்தான் நிக்கும். நிறைய பேர் "வேற செடியைக் குடுத்து ஏமாத்திட்டாங்க"ன்னு நர்சரிக்காரரைத் திட்டுறது இந்தக் கட்டத்துலதான். வேர் நல்லா இறங்கினதும் ஒரு மழைக்கு அப்புறம் திடீர்னு நடுவுல இருந்து இலைக்கு இலை தூரம் அதிகமா, வேகமா, நீளமா ரெண்டு மூணு கொம்பு சீறிக்கிட்டு வரும் பாருங்க, அதுதான் ஏறப் போற கொம்பு. அதுக்கு பாகல், புடலை மாதிரி சுத்துற கையெல்லாம் கிடையாது. இலை உதிரும்போது காம்போட அடிப்பாகம் மட்டும் தண்டுலயே தங்கி காய்ஞ்சு வளைஞ்ச முள்ளா மாறிடும், அதை வச்சு மாட்டிக்கிட்டுத்தான் ஏறும். அதனால வெறும் வழவழ பைப்ல தானா ஏறாது, நாமதான் கட்டி விடணும். முத்தின கொம்பை வெறும் கையால பிடிச்சு இழுத்தா கிழிச்சிடும், கிளவுஸ் போட்டுக்கோங்க.

அந்த நீளக் கொம்பு வந்ததும் எல்லாரும் என்ன பண்ணுவாங்க, சந்தோஷமா நேரா மேல ஏத்தி விடுவாங்க. பக்கத்து வீட்ல அப்படித்தான் நடந்தது. எங்க வீட்டுச் செடியும் அவங்க செடியும் ஒரே ஆட்டோவுல வந்தது, ஒரே நர்சரி, ஒரே மண்ணு, அவங்களுக்கு எங்களை விட வெயில் கூடவே. அவங்க கொம்பு நேரா கிளம்பி தீபாவளிக்குள்ள மாடியைத் தொட்டுடுச்சு, தெருவுக்கே பெருமை. எங்களுது அப்ப பாதி ஆர்ச் கூட ஏறல, ஏன்னா நான் வந்த கொம்பை எல்லாம் பக்கவாட்டுல படுக்க வச்சுக்கிட்டே இருந்தேன். அடுத்த ஆனி மாசம் வந்தப்ப அவங்களுக்கு மாடியில பூ, எங்களுக்கு கேட்ல பூ.

ஏன் அப்படின்னா, கொம்போட நுனியில ஆக்ஸின்னு ஒரு வளர்ச்சிப் பொருள் சுரந்து தண்டு வழியா கீழ இறங்கிட்டே இருக்கும். அது இருக்கற வரைக்கும் கீழ இருக்கற கணுவெல்லாம் தூங்கும், மூத்த பிள்ளை அதட்டிக்கிட்டே இருக்கற வீட்ல சின்னதுங்க வாயைத் திறக்காத மாதிரி. நேரா நிக்கிற கொம்புல நுனியோட அதட்டல் முழுசா இருக்கும். அதே கொம்பை வளைச்சுப் படுக்க வச்சா அந்தப் பிடி தளரும், படுத்த கொம்போட மேல்பக்கத்துக் கணு ஒவ்வொண்ணும் முழிச்சு ஆளுக்கு ஒரு குட்டிக் கொம்பு விடும். ரங்கூன் மல்லி பூக்குறது அந்தப் புதுக் கொம்போட நுனியிலதான், பழைய கட்டையில பூக்காது. அப்ப எத்தனை குட்டிக் கொம்போ அத்தனை கொத்து. நேரா விட்ட ஒரு கொம்புக்கு நுனியில ஒரு கொத்து, படுக்க வச்ச ஒரு கொம்புக்கு கணுவுக்கு ஒரு கொத்து. இவ்வளவுதான் மொத்த ரகசியமும்.

முழுசா தொண்ணூறு டிகிரி மடக்க வேண்டியதில்ல. ஒரேயடியா மடக்குனா ஒடிஞ்சிடும், அதுவும் விடியக்காலையில தண்ணி இழுத்து விறைப்பா இருக்கற இளங்கொம்பு சட்டுனு முறியும். நான் கொம்பு பச்சையா வளையுற பதத்துல இருக்கும்போதே, பென்சில் தடிமன் வர்றதுக்குள்ள, முதல்ல சாய்வா கட்டிட்டு ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு அவுத்து இன்னும் கொஞ்சம் தாழ்த்திக் கட்டுவேன். ஆர்ச்ல ரெண்டு தூணுக்கு நடுவுல குறுக்குக் கம்பி ஒரு அடிக்கு ஒண்ணுன்னு வச்சுக்கிட்டா ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு கொம்பைப் படுக்க வைக்கலாம். அந்தக் குறுக்குக் கம்பி இல்லாம சும்மா ரெண்டு காலும் ஒரு வளைவும் மட்டும் வெல்டிங் பண்ணிக் குடுப்பாங்க பாருங்க, அது போட்டோவுக்கு நல்லா இருக்கும், கொடிக்கு ஆகாது. எங்க கொழுந்தன்தான் பட்டறையில நின்னு சொல்லிச் செஞ்சு வாங்கிட்டு வந்தாரு, ஒன்றரை இன்ச் ஜிஐ பைப், காலை ரெண்டடி ஆழம் காங்கிரீட் போட்டு இறக்கினது. அப்ப "ஒரு பூச்செடிக்கு இவ்வளவா"ன்னு எல்லாரும் சிரிச்சாங்க. மழையில நனைஞ்ச ரங்கூன் மல்லி வெயிட் தெரியாதவங்க சிரிக்கலாம். நாலஞ்சு வருஷக் கொடி ஐப்பசி மழையில தண்ணியைக் குடிச்சிட்டு காத்துக்கு ஆடும்போது மூங்கில் பந்தல், பிவிசி பைப்பெல்லாம் சாஞ்சே சாஞ்சிடும். எங்க நாத்தனார் வீட்ல பிவிசியில கட்டி வச்சு ஒரே ராத்திரியில காரு மேல படுத்துடுச்சு.

கட்டுறதுக்கு பைண்டிங் ஒயர் வேண்டவே வேண்டாம். தண்டு பெருக்கப் பெருக்க கம்பி பட்டைக்குள்ள இறங்கி நெரிச்சிடும், மேல இருக்கற இலையில செஞ்ச சத்து வேருக்கு இறங்குறது அந்தப் பட்டை வழியாத்தான், அது அறுந்தா கொம்பு அதோட போச்சு. பழைய காட்டன் புடவையை ஒரு இன்ச் அகலத்துல கிழிச்சு வச்சுக்கோங்க, இல்ல தென்னங்கயிறு, வாழை நார் கூடப் போதும், அது தானா மக்கி விழுந்துடும். எட்டு வடிவத்துல ஒரு சுத்து கம்பிக்கு, ஒரு சுத்து கொம்புக்கு, நடுவுல துணி குறுக்க வரணும், அப்பத்தான் காத்துல ஆடும்போது கொம்பு கம்பியில உரசாது. கட்டுக்குள்ள ஒரு விரல் நுழையணும். வெயில் காலத்துல ஜிஐ பைப் மத்தியானம் தொட முடியாத சூடாகும், அதுல நேரா ஒட்டிக் கிடக்கற இளங்கொம்பு வெந்து கறுத்துடும், அதுக்கும் சேத்துத்தான் அந்தக் குறுக்குச் சுத்து.

அடித்தண்டு விஷயத்துல இன்னொண்ணு. "கீழ வர்ற சின்னக் கொம்பையெல்லாம் சுத்தமா வழிச்சு எடுத்துடு, சத்தெல்லாம் மேல போகும்"னு ஒரு பேச்சு உண்டு. முதல் வருஷம் அதைக் கேக்காதீங்க. அடித்தண்டு தடிக்கிறதுக்கு அந்தத் தண்டுலயே இருக்கற இலை செய்யுற சத்து ரொம்ப உதவும். வழிச்சு எடுத்தா தண்டு மெலிஞ்சே நிக்கும், மேல பாரம் ஏற ஏற வளையும். அதனால கீழக் கொம்பை எடுக்காம ரெண்டு ஜோடி இலையோட நறுக்கி நறுக்கிக் குட்டையாவே வச்சிருக்கணும். தண்டு கட்டை விரலை விடத் தடிச்சதும் ரெண்டாவது வருஷம் மாசியில எடுத்துக்கலாம்.

மாசின்னு சொன்னேன் இல்லையா, பெரிய கவாத்துக்கு, அதாவது வருஷத்துக்கு ஒரு தடவை பண்ற பெரிய வெட்டுக்கு, அதுதான் நேரம் நம்ம ஊர்ல. பூக்காரங்களுக்கு இதெல்லாம் நாம சொல்லித் தர வேண்டியதில்ல. திருச்சிக்குப் பக்கத்துல எட்டரை, கோப்புன்னு ஊருங்க இருக்கு, அந்தப் பக்கம் போனா முல்லை, ஜாதிமல்லித் தோட்டம் நிறைய இருக்கு, ஸ்ரீரங்கம் சாத்தார வீதி பூ மார்க்கெட்டுக்கு வர்ற பூ அந்தப் பக்கத்துல இருந்தும் வருது. வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்ற கணக்குல குண்டுமல்லியை நவம்பர் கடைசியில தரையில இருந்து 50 செ.மீ., முல்லையை ஜனவரி கடைசியில 45 செ.மீ. உயரத்துக்கு வெட்டணும். அதாவது வருஷா வருஷம் முட்டி உயரம். வெட்டுறதுக்கு முன்னாடி கொஞ்ச நாள் தண்ணியையும் நிறுத்திடுவாங்க. அந்தத் தோட்டத்தைத் தை மாசம் பாத்தீங்கன்னா ஏதோ ஆடு மேஞ்ச மாதிரி குச்சி குச்சியா நிக்கும், பங்குனியில அதே இடம் வெள்ளையா பூத்து நிக்கும். வீட்ல ஒரு கொம்பு வெட்டக் கை நடுங்குறவங்க ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வரலாம்.

ரங்கூன் மல்லிக்கு அந்த அளவு முட்டி வரைக்கும் வருஷா வருஷம் போக வேண்டாம். சட்டம் கட்டியாச்சுன்னா, அதாவது படுக்க வச்ச தடிக் கொம்பெல்லாம் கம்பிக்குக் கம்பி முத்தி நின்னாச்சுன்னா, மாசியில அந்தப் படுத்த கொம்பை விட்டுட்டு அதுல இருந்து மேல கிளம்பின குட்டிக் கொம்பை எல்லாம் ரெண்டு கணு விட்டு நறுக்கணும். பாக்க எலும்புக்கூடா நிக்கும் ஒரு மூணு வாரம். பங்குனியில துளிர்க்கும், வைகாசி ஆனியில கொத்து கொத்தா இறங்கும், அப்புறம் விட்டு விட்டு ஐப்பசி வரைக்கும் போகும். நடுவுல ஒரு அலை பூத்து முடிஞ்சதும் காஞ்ச கொத்தோட சேத்து ரெண்டு மூணு கணு கீழ வெட்டி விட்டா அடுத்த அலை சீக்கிரம் வரும். கூடாதது என்னன்னா, ஷேப் வரணும்னு வாராவாரம் பெரிய கத்தரியால முடி வெட்டுற மாதிரி மேலாக்க வழிச்சுக்கிட்டே இருக்கறது. பூ நுனியிலதானே வருது, நுனியைப் பாத்த இடத்துலயெல்லாம் வெட்டிட்டு பூக்கலன்னு சொன்னா எப்படி? கேட்டட் கம்யூனிட்டியில எல்லாம் வேலி வேலியா ரங்கூன் மல்லி இருக்கும், வருஷம் பூரா பச்சைதான், காரணம் இதுதான்.

அடைமழை நாள்ல பெரிய வெட்டு வேண்டாம், வெட்டுவாயில தண்ணி நின்னு கணு கணுவா கறுத்துக் கீழ இறங்கும். வெட்டுனாலும் சாய்வா வெட்டுங்க. கட்டரை ஒரு தடவை டெட்டால்லயோ சானிடைசர்லயோ துடைச்சுட்டுப் பண்ணுங்க. மொக்கைக் கட்டர்ல நசுக்காதீங்க, அவ்வளவுதான் கருவி பத்திச் சொல்றதுக்கு.

உரம் சுருக்கமா சொல்லிடுறேன். கவாத்து முடிஞ்சதும் ஒரு கூடை தொழு உரம், மழைக்கு முன்னாடி இன்னொண்ணு. கடலைப்புண்ணாக்கு ஊற வச்ச தண்ணியை வாராவாரம் ஊத்துறவங்க செடி எல்லாம் இலையாத்தான் தள்ளுது, தழைச்சத்து கூடிப் போச்சுன்னா இது பூவை மறந்துடும். மாவுப்பூச்சி வந்தா பைப் தண்ணியை வேகமா அடிச்சு விட்டு, வேப்பெண்ணெய் லிட்டருக்கு அஞ்சு மில்லி கொஞ்சம் சோப்புத் தண்ணியோட. எறும்பு வரிசையா ஏறுதுன்னா மேல மாவுப்பூச்சி இருக்குன்னு அர்த்தம், எறும்பைத் திட்டாதீங்க, கொம்பைத் தேடிப் பாருங்க.

ஒரு வருஷம் மாசிக் கவாத்து எங்க வீட்ல தள்ளிப் போச்சு. கட்டரோட ஏணியில ஏறி நிக்கிறேன், கைக்கு எட்டுற தூரத்துல கொண்டைக்குருவி ஒண்ணு கூட்டுல உக்காந்து என்னையே பாக்குது. எழுந்து போகவும் இல்ல. இறங்கிட்டேன். அடைகாக்க ரெண்டு வாரம், குஞ்சு பறக்க இன்னொரு ரெண்டு வாரம்னு பங்குனி பாதிக்கு மேல ஆயிடுச்சு, அதுக்குள்ள துளிரெல்லாம் வந்துடுச்சு. அந்தப் பக்கத்தை மட்டும் அப்படியே விட்டுட்டு மத்த பக்கம் வெட்டினேன். அந்த வருஷம் ஆர்ச்ல ஒரு பக்கம் சீக்கிரம் பூத்து இன்னொரு பக்கம் லேட்டா பூத்து, மொத்தத்துல பூ இருந்த நாள்தான் கூடிச்சு. இப்ப வேணும்னே ரெண்டு பாதியா, பதினஞ்சு நாள் இடைவெளி விட்டுத்தான் வெட்டுறேன். வெட்டுறதுக்கு முன்னாடி கூடு இருக்கான்னு கிளையை விலக்கிப் பாத்துட்டு ஆரம்பிங்க, இந்தக் கொடிக்குள்ள குருவி கூடு கட்டாம இருக்காது.

அப்புறம் பாம்பு. இது இல்லாம நம்ம வீட்ல கொடி பத்திப் பேச முடியாது. தாழம்பூ, மனோரஞ்சிதம், இப்ப ரங்கூன் மல்லி, வாசனை ஜாஸ்தியா இருந்தா பாம்பு வரும்னு அத்தை ரொம்பப் பயந்தாங்க. பூ வாசத்துக்கு பாம்பு வராது, அதுக்கு வேண்டியது எலியும் தவளையும். கொடிக்கு அடியில சருகு மேடா குவிஞ்சு, கீழ இலை தரையைத் தொட்டு இருட்டா கிடந்தா எலி தங்கும், எலிக்குப் பின்னாடி அது வரும். அதனால அடியில ரெண்டடிக்கு வெளிச்சம் தெரியுற மாதிரி வச்சிருக்கேன், சருகை வாரம் ஒரு தடவை கூட்டி எடுத்து உரக்குழியில போட்டுடுவேன். மூடாக்கு போடுறதா இருந்தா தண்டை விட்டு அரை அடி தள்ளி மெல்லிசா போட்டா போதும். அத்தை இப்ப சாயங்காலம் சேர் போட்டு அதுக்குக் கீழதான் உக்காருறாங்க, ஏழு மணிக்கு மேல வாசனை ஏறும்போது எழுந்து வர மாட்டேங்குறாங்க.

அந்த நேரத்துலதான் புதுப் பூ விரியும், வெள்ளையா. மறுநாள் ரோஸ், அதுக்கு மறுநாள் சிவப்பு. ஒரே கொத்துல மூணு கலரும் தொங்குறது அதனாலதான், தனித்தனிப் பூ இல்ல. பூவோட குழாய் ரெண்டு இன்ச்சுக்கு மேல நீளம், முதல் ராத்திரி அந்த ஆழத்துக்கு நாக்கு நீட்டுற பெரிய அந்துப்பூச்சி வரும், ஒரு இடத்துல உக்காராம அந்தரத்துல நின்னுக்கிட்டே தேன் குடிக்கும். பகல்ல கலர் மாறினதுக்கு தேனீ, பட்டாம்பூச்சி, தேன்சிட்டு. போர்ட்டிகோ லைட்டைப் போட்டே வச்சா அந்தப் பூச்சி லைட்டைத்தான் சுத்துது, நாங்க சாப்பாட்டு நேரம் வரைக்கும் அந்த லைட்டைப் போடுறதில்ல.

கடைசியா கன்னு கேக்குறவங்களுக்கு. அடுக்கு வகையில விதை பிடிக்கிறதில்ல. ஒத்தையில சில சமயம் அஞ்சு பக்கமும் மேடு வச்ச ஒரு காய் வரும். அந்த விதையை வயித்துப் பூச்சிக்கு மருந்தா சீனா பக்கம் ரொம்ப காலமா குடுக்குறாங்க, அளவு கூடினா விக்கலும் குமட்டலும் வரும், வீட்ல சோதனை பண்ற வேலை வேண்டாம், சின்னப் பசங்க இருந்தா காயைப் பறிச்சுப் போட்டுடுங்க. கன்னுக்கு சுலபமான வழி வேர்க் கொம்புதான். மழை முடிஞ்சதும் தாய்ச்செடியில இருந்து நாலடி தள்ளி, டைல்ஸ் இடுக்குல எல்லாம் முளைச்சு வரும். வேண்டாததை மண்ணு ஈரமா இருக்கும்போது இழுத்துப் பிடுங்கணும், கட்டரால வெட்டுனா ஒண்ணுக்கு மூணா வரும். வேணும்ங்கறதைச் சுத்தித் தோண்டி வேரோட எடுத்து மேல பாதியை நறுக்கிட்டு கவர்ல வச்சு நிழல்ல ஒரு மாசம் விட்டா பிடிச்சிக்கும். இல்லைன்னா பதியன் போடலாம், ஆவணியில தரையோரம் இருக்கற ஒரு பச்சைக் கொம்பை வளைச்சு ஒரு கணுவுக்கு அடியில பட்டையை லேசா சீவி மண்ணுக்குள்ள புதைச்சு மேல ஒரு அரைச் செங்கல் வச்சுடுங்க. நுனி மட்டும் வெளிய இருக்கணும். மழை நாள்ல ரெண்டு மாசத்துக்குள்ள வேர் விட்டுடும், லேசா இழுத்துப் பாத்தா வரமாட்டேன்னு பிடிக்கும், அப்ப தாய்ப்பக்கம் வெட்டி விட்டுட்டு இன்னொரு ரெண்டு வாரம் அங்கயே இருக்க விடுங்க, அப்புறம் எடுக்கலாம். பக்கத்து வீட்டு அக்காவுக்கு போன வருஷம் அப்படித்தான் ஒண்ணு எடுத்துக் குடுத்தேன். மாடியில பூக்குற பழைய கொடியை அவங்க எடுக்கல, புதுசை கேட் ஓரம் நட்டு, ரெண்டு கொம்பு மட்டும் வச்சு, முட்டி உயரத்துல நறுக்கி விட்டிருக்காங்க.